தொப்பியை உயர்த்தாத வீரர்



ஒரு விளையாட்டு வீரனுக்கும் அவனைக் காணவரும் கூட்டத்துக்கும் இடையே உள்ள கடன் யாது? காசு கொடுத்து வாயிலைக் கடந்து வந்தவர் ஆட்டத்தை மட்டுமே விலைக்கு வாங்கினாரா, ஆடுபவனின் முகமலர்ச்சியையும் சேர்த்து வாங்கினாரா? தன் திறமை முழுவதையும் களத்திற் கொட்டிய பின்னரும், கைதட்டுவோரை ஒருமுறை ஏறெடுத்துப் பார்க்க அவன் கடமைப்பட்டவனா? இவ்வினாக்கள் பழையவை. எனினும், இவற்றை அரை நூற்றாண்டு காலம் தன்னுள்ளே வைத்துப் புழுங்கிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையிலுள்ள பொஸ்டன் நகரமே அது. அங்கே ஆடிய ஒரு வீரரின் வரலாற்றையும், தம் இரசிகரைப் பற்றி அவர் பின்னாளிற் கூறிய சொற்களையும், இரசிகர் அவரை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

அவ்வீரரின் பெயர் டெட் வில்லியம்ஸ். அவர் ஆடிய ஆட்டம் பேஸ்போல். கிரிக்கெட் ஆட்டத்தை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்குவது கடினமன்று. ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் உருண்டையான துடுப்பினால் அதனை அடித்துவிட்டு, நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவர முயல்வார். பந்து களத்தின் எல்லைச் சுவரைத் தாண்டிப் பறந்துவிடின், அதனை 'ஹோம் ரன்' என்பர். அப்போது அடித்தவர் எவ்வித அவசரமுமின்றி நான்கு தளங்களையும் சுற்றி வரலாம். கூட்டம் எழுந்து ஆரவாரிக்கும். அவர் தம் தொப்பியின் விளிம்பைத் தொட்டோ, தொப்பியைச் சற்றே உயர்த்தியோ நன்றி தெரிவிப்பார். கிரிக்கெட் வீரர் நூறு ஓட்டம் பெற்றதும் துடுப்பை உயர்த்துகின்றாரே, அது போன்றதே இதுவும். மிகச் சிறிய செய்கை. ஆயினும், இன்று நான் கூறப்போகும் வரலாறு முழுவதும் அச்சிறிய செய்கையைச் சுற்றியே நடந்தது.

வில்லியம்ஸ் 1918ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி, மேற்குக் கரையிலுள்ள சான் டியேகோ நகரிற் பிறந்தார். 1939இல், இருபது வயது இளைஞராக, பொஸ்டன் நகரின் 'ரெட் சொக்ஸ்' குழுவிற் சேர்ந்தார். ஒல்லியான நெடிய உடலும் ஓயாத பேச்சும் உடைய அவ்விளைஞரை ஊர் உடனே விரும்பியது. முதலாண்டிலேயே 31 ஹோம் ரன் அடித்தார். ஒவ்வொரு முறையும் தொப்பியைத் தலையினின்றும் நன்றாக உயர்த்தி, சிறுபிள்ளை போல் மகிழ்ந்து நன்றி காட்டினார். அந்த ஓராண்டில் அவருக்கும் ஊருக்கும் இடையே யாதொரு மனக்குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு நிலைமை மாறியது. 1940இல் அவருடைய ஹோம் ரன்களின் தொகை 23 ஆகக் குறைந்தது. அவ்வாண்டிலேயே அவரைக் களத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாற்றினர். இம்மாற்றம் சிறிதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. ரெட் சொக்ஸ் குழுவின் இல்லமாகிய பென்வே பார்க் 1912இல் திறக்கப்பட்ட ஒடுக்கமான மைதானம். அதன் இடப்புற ஆசனங்கள் களத்தை ஒட்டியே அமைந்துள்ளன. அங்கே இருந்து ஒருவர் எள்ளி நகையாடினால், அச்சொல் தூரத்து இரைச்சலிற் கரைந்து போகாது. நேரே ஆடுபவர் செவியில் வந்து விழும். வில்லியம்ஸின் செவியோ, ஆயிரம் பேரின் கைதட்டலை விடுத்து ஒருவரின் ஏளனத்தையே தேடிப் பிடிக்கும் செவி. இக்குறையைப் பின்னாளில் அவர் மறைத்ததில்லை.

அக்காலத்துப் பொஸ்டனிற் பல நாளேடுகள் ஒன்றோடொன்று கடும் போட்டியிட்டு விற்பனையாயின. பரபரப்பான செய்திக்கு அலைந்த அவ்வேடுகளுக்கு, எளிதிற் சினங்கொள்ளும் ஓர் இளைஞர் அரும்பொருளாக வாய்த்தார். ஊரையும் விரும்பவில்லை, இரசிகரையும் விரும்பவில்லை, வேறு குழுவுக்குப் போகவே விரும்புகின்றேன் என்ற கருத்தில் அவர் 1940இற் பேசியவை அச்சேறின. கூட்டத்தின் கூச்சல் வளர்ந்தது. அவர் மனத்துள் ஒரு சபதம் செய்துகொண்டார்: இனி எவ்வளவு பெரிய அடி அடித்தாலும், தளங்களைச் சுற்றி வரும்போது இக்கூட்டத்துக்காகத் தொப்பியைத் தொடுவதில்லை. இருபத்திரண்டு வயது நிரம்பாத இளைஞர் ஆத்திரத்திற் செய்த சபதம் அது. அவர் அதனை ஆடிய காலம் முழுவதும் காத்தார்.

நேயர்களே, இவர் சாதாரண வீரராக இருந்திருப்பின், அச்சபதத்தை எவரும் பொருட்படுத்தியிரார். பேஸ்போல் ஆட்டத்தில் பத்துமுறை அடிக்க முயன்று மூன்றுமுறை வெற்றி காண்பவர் சிறந்த வீரர் எனப்படுவர். நான்குமுறை என்பது கனவு. 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி, பருவத்தின் இறுதி நாளன்று, வில்லியம்ஸின் சராசரி ஏறக்குறைய அந்த நான்கிலே நின்றது. கணக்கின்படி .39955, அதனை.400 என்றே பதிவர். அன்று ஆடாதிருந்தாற் பெருமை உறுதி. குழுவின் தலைவரும், விரும்பினால் ஓய்ந்திருக்கலாம் என்றார். வில்லியம்ஸ் மறுத்தார். பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு முயற்சிகளில் ஆறு வெற்றி பெற்று, .406 என்னும் சராசரியுடன் பருவத்தை முடித்தார். அமெரிக்க லீக், தேசிய லீக் என்னும் இரண்டிலும் அவருக்குப்பின் எவரும் .400ஐ எட்டவில்லை. அவ்வாண்டின் தலைசிறந்த வீரர் என்னும் விருதோ, பத்திரிகையாளர் வாக்கினால் நியூ யோர்க் குழுவின் ஜோ டிமாஜியோவுக்குச் சென்றது. 1947இல் அதே விருது ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் மீண்டும் டிமாஜியோவுக்கே சென்றது.

யுத்தமும் அவரிடமிருந்து பல ஆண்டுகளைப் பறித்தது. 1942இல், தாயைப் பராமரிப்பவர் என்ற காரணத்தால் அவருக்குப் படைச்சேவையினின்றும் விலக்கு அளிக்கப்பட்டபோது, அவரைக் கோழை என்று தூற்றியோர் இருந்தனர். அவ்வாண்டிலேயே அவர் தாமாகப் படையிற் சேர்ந்து, விமானியாகப் பயிற்சி பெற்றார். 1943 முதல் 1945 வரை மூன்று பருவங்கள் அவருக்கு ஆட்டமில்லை. மீண்டும் 1952இல் கொரிய யுத்தத்துக்கு அழைக்கப்பட்டார். 39 முறை போர் விமானத்திற் பறந்தார். 1953 பெப்ரவரியில் அவருடைய விமானம் தரையிலிருந்து சுடப்பட்டுத் தீப்பற்ற, சில்லுகள் இறங்காத நிலையில் அதனை ஓடுபாதையிற் தேய்த்து நிறுத்தி உயிர் தப்பினார். பின்னாளில் விண்வெளி வீரராகப் புகழ்பெற்ற ஜோன் கிளென் அதே படைப்பிரிவில் அவருடன் பறந்தவர்.

இனி இரசிகரின் பக்கத்தையும் பார்த்தல் நீதி. ரெட் சொக்ஸ் குழு 1918இல் உலகத் தொடரை வென்றபின் 2004 வரை அதனை வெல்லவேயில்லை. வில்லியம்ஸின் காலத்தில் 1946இல் மட்டும் இறுதித் தொடரை அடைந்தது. ஏழாவது ஆட்டத்திலே தோற்றது. அத்தொடரில் அவருடைய சராசரி .200 மட்டுமே. 1948இல் ஒரேயோர் ஆட்டத்தினாலும், 1949இல் பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களினாலும் வாய்ப்பு நழுவியது. ஆண்டுதோறும் நம்பி, ஆண்டுதோறும் ஏமாந்த மக்கள் அவர்கள். உழைத்த காசிற் சிறுபங்கை ஒதுக்கி வைத்து மைதானத்துக்கு வந்தவர்கள். தம் நம்பிக்கையையெல்லாம் ஒருவர் தோளில் ஏற்றியவர்கள், அவர் தம்மைத் திரும்பியும் பாராதபோது மனம் நொந்தனர். அந்த நோவு சிலரிடம் ஏளனமாகவும் வசையாகவும் வெளிப்பட்டது.

பகை அதன் உச்சத்தை அடைந்தது 1956ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி. நியூ யோர்க் யாங்கீஸ் குழுவுடன் நடந்த ஆட்டம். மைதானம் நிரம்பி வழிந்தது. பதினோராவது முறையில் உயர எழுந்து வந்த ஒரு பந்தை வில்லியம்ஸ் தவறவிட்டார். கூட்டம் கூச்சலிட்டது. அம்முறையிலேயே வேறொரு கடினமான பந்தைப் பிடித்தார். அதே கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலே அவரை முன்னையிலும் அதிகமாகச் சினமூட்டியது போலும். வீரர் தங்குமிடத்தை நோக்கி வந்தவர், ஆசனங்களை நோக்கி உமிழ்ந்தார். ஒருமுறையன்று, பலமுறை உமிழ்ந்தார். குழுவின் உரிமையாளர் அவருக்கு 5,000 டொலர் தண்டம் விதித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை.

மறுநாள் இரவு அவர் மீண்டும் களத்துக்கு வந்தார். ஊர் அவரை என்ன செய்யப்போகின்றது என்று பத்திரிகைகள் காத்திருந்தன. கூட்டம் எழுந்து அவரை வாழ்த்தியது. அன்று அவர் ஒரு ஹோம் ரன் அடித்தார். இறுதித் தளத்தை அடையும்போது, மீண்டும் உமிழ்ந்துவிடுவேனோ என்று அஞ்சுபவர் போலத் தம் வாயைக் கையினாற் பொத்திக்கொண்டார். கூட்டம் சிரித்தது. ஆனால் தொப்பி உயரவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் இவ்விடத்திற் கூறவேண்டும். 1958 செப்டெம்பரில் ஒரு நாள், தம் தவறுக்காகத் தம்மீதே சினங்கொண்ட வில்லியம்ஸ் துடுப்பை வீசியெறிய, அது கை நழுவி ஆசனங்களுட் பறந்து, அறுபது வயதளவான ஒரு பெண்மணியின் தலையிற் பட்டது. அவர் பதறி ஓடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். மீண்டும் அடிக்க வந்தபோது கூட்டம் அவரை ஏசியது. காயமுற்ற அப்பெண்மணியோ, அவருடைய முகத்தைப் பார்த்தவர்க்கு அவர் பட்ட வேதனை தெரியும் என்றும், கூட்டம் அவரை ஏசியதுதான் தமக்கு விளங்கவில்லை என்றும் கூறினார். கூட்டத்தில் மிகுதியாக அடிபட்டவர் அவர் ஒருவரே. மிகுதியாகப் பொறுத்தவரும் அவர் ஒருவரே. இவரைப் போன்ற இரசிகர் 1940இலும் அந்த ஆசனங்களில் இருந்திருப்பர். அவர்கள் கூச்சலிடாத காரணத்தால், வில்லியம்ஸின் செவிக்கு எட்டாமற் போயினர்.

1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி வந்தது. அந்த .406 நாளிலிருந்து சரியாகப் பத்தொன்பது ஆண்டுகள். பொஸ்டனில் வில்லியம்ஸ் ஆடும் கடைசி ஆட்டம் அதுவென்பது தெரிந்திருந்தும், மந்தாரமான அப்பகலில் வந்தோர் 10,454 பேர் மட்டுமே. ஆசனங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே நிறைந்திருந்தது. ஆட்டத்துக்கு முன் நடந்த பிரியாவிடையில் அவர் பேசினார். பத்திரிகையாளர் கூடத்தை நோக்கிக் குத்தலாக ஒரு சொல்லை எறிந்துவிட்டு, தம் வாழ்க்கையை மறுபடி தொடங்க நேரின், எங்கே ஆட விரும்புகின்றாய் என்று எவரேனும் கேட்பின், பொஸ்டனையே கூறுவேன் என்றும், அமெரிக்காவின் தலைசிறந்த இரசிகர் இங்கேதான் உள்ளனர் என்றும் கூறினார். 1940இல் வெறுத்ததாகச் சொன்ன அதே இரசிகரைப் பற்றி அவர் கூறிய சொல் இது.

எட்டாவது முறையில் அவர் கடைசித்தடவையாகத் துடுப்பைப் பிடித்து நின்றார். எதிரணியின் ஜாக் பிஷர் எறிந்த பந்தை அடித்தார். அது வலப்புறச் சுவரைத் தாண்டி மறைந்தது. அவருடைய 521ஆவது ஹோம் ரன் அது. அடிக்கடி நிகழாத அற்புதம். ஒரு வீரர் தம் கடைசி அடியை இவ்வாறு முடிப்பதைக் காணும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! பத்தாயிரம் பேரும் எழுந்து நின்றனர். அவர் தலையைக் குனிந்தபடி, மழைக்கு ஒதுங்க ஓடுபவர் போல விரைவாகச் சுற்றி வந்து, தங்குமிடத்துள் மறைந்தார். 'டெட் வரவேண்டும்' என்று கூட்டம் இடைவிடாது அழைத்தது. சக வீரர்களும் நடுவர்களும் வெளியே வருமாறு வேண்டினர். அவர் வரவில்லை. அடுத்த முறையில் அவரைக் களத்துக்கு அனுப்பி, உடனே திருப்பி அழைத்து, கூட்டம் மீண்டும் ஒருமுறை அவரை வாழ்த்த வாய்ப்பளித்தனர். அப்போதும் தொப்பி உயரவில்லை. ஆட்டத்துக்கு முன் சொல்லால் வாழ்த்தியவர், ஆட்டத்தின் முடிவிற் செய்கையால் மறுத்தார்.

அன்று அந்த ஆசனங்களில் ஓர் இரசிகர் இருந்தார். அவருக்கு வயது 28. பெயர் ஜோன் அப்டைக். பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த நாவலாசிரியருள் ஒருவராக விளங்கியவர். அவர் பென்சில்வேனியாவிற் சிறுவனாக இருந்த நாள்முதலே வில்லியம்ஸை நேசித்தவர். 1946இல் நடந்த நட்சத்திர வீரர் ஆட்டத்தில் வில்லியம்ஸ் இரண்டு ஹோம் ரன் அடித்ததை வானொலி மூலம் கேட்டவர். கண்ணாற் காணாத ஒரு வீரனைக் குரல் வழியே மனத்துள் வளர்த்துக்கொள்ளும் அனுபவம், வானொலி நேயர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதன்று.

அப்டைக் அன்று கண்டதை எழுதினார். அக்கட்டுரை 1960 ஒக்டோபர் 22ஆந் திகதியிட்ட 'நியூ யோர்க்கர்' இதழில் வெளிவந்தது. விளையாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றுள் தலையாயது என்று பலர் அதனைப் போற்றுவர். நன்றி மறுக்கப்பட்ட கூட்டத்துள் ஒருவராய் இருந்தும், அவர் அம்மறுப்பைக் குற்றமாக எழுதவில்லை. மிக உயர்ந்தோர் தம்மை வணங்குவோர்க்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவரல்லர் என்ற கருத்தோடு அம்மௌனத்தை ஏற்றுக்கொண்டார். வில்லியம்ஸ் பின்னர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதுமாறு ஒருவர் மூலம் அப்டைக்கைக் கேட்டனுப்பினார். அப்டைக் மறுத்துவிட்டார். இரசிகர் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டார் போலும்.

அப்டைக்கின் தீர்ப்பு அழகிய தீர்ப்பு. ஓர் இரசிகர் காட்டக்கூடிய பெருந்தன்மையின் எல்லை அது. ஆயினும், வரலாற்றைப் படிப்பவர் அத்தீர்ப்போடு நின்றுவிட முடியாது. ஏனெனின், அம்மௌனம் வானுலகத்தவரின் மௌனமன்று என்பதை மௌனம் சாதித்தவரே பின்னர் கூறிவிட்டார்.

முதலில் 1966ஆம் ஆண்டு. கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரிலுள்ள பேஸ்போல் புகழ் மண்டபத்துக்கு வில்லியம்ஸ் தெரிவு செய்யப்பட்டார். வாக்களித்தோர், அவர் ஆயுள் முழுவதும் பகைத்த பத்திரிகையாளரே. ஏற்புரையில் அவர், தமக்கு 280க்கு மேற்பட்ட பத்திரிகையாளர் வாக்களித்திருக்கின்றனர், அத்தனை நண்பர் அவர்களுள் தமக்கு இல்லை என்பதைத் தாம் அறிவர், தகுதி கண்டே வாக்களித்தனர், அதற்காக உள்ளத்தின் அடியிலிருந்து நன்றி கூறுகின்றேன் என்ற பொருள்படப் பேசினார். அதே உரையில், நிறத்தின் காரணமாகப் பெருங்குழுக்களில் இடம் மறுக்கப்பட்ட சச்சல் பெய்ஜ், ஜோஷ் கிப்சன் போன்ற கறுப்பின வீரரும் ஒருநாள் அம்மண்டபத்தில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் 1971இலும் 1972இலும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். தமக்குக் கிடைத்த மரியாதையின் நடுவே பிறர்க்கு மறுக்கப்பட்ட மரியாதையை நினைத்தவர், நன்றியின் விலையை அறியாதவராக இருக்க முடியாது.

அடுத்து 1969. அவ்வாண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில், அந்தக் கடைசி ஹோம் ரன்னைப் பற்றி வில்லியம்ஸ் மனந்திறந்து எழுதினார். தளங்களைச் சுற்றி ஓடும்போது தொப்பியை உயர்த்தலாமா என்று ஒரு கணம் தாம் எண்ணியது உண்மை என்றும், இரண்டாந் தளத்தை அடைவதற்குள், தம்மால் அது இயலாது என்பது தெரிந்துவிட்டது என்றும், அவ்வாறு செய்திருப்பின் அது தாமாக இருந்திராது என்றும் ஒப்புக்கொண்டார். முதலாந் தளத்துக்கும் இரண்டாந் தளத்துக்கும் இடையே உள்ள தூரம் 90 அடி. இருபது ஆண்டுகாலப் பிடிவாதத்தை விட்டுவிடலாமா என்று நாற்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் தம்முள்ளே போராடிய தூரம் அது. ஆசனங்களில் இருந்தோர் கண்டது குனிந்த தலையை மட்டுமே. அப்போராட்டம் எவர் கண்ணுக்கும் படவில்லை.

ஆண்டுகள் சென்றன. வில்லியம்ஸ் முதுமை எய்தினார். அவரை ஏசிய தலைமுறை மறைந்து, அவரைப் பற்றித் தந்தையர் சொல்லக் கேட்ட தலைமுறை ஆசனங்களில் அமர்ந்தது. புற்றுநோயுற்ற சிறுவர்க்காகப் பொஸ்டனில் இயங்கும் 'ஜிம்மி நிதி'க்கு அவர் ஆடிய காலத்தில் ஓசையின்றிச் செய்த தொண்டும், பத்திரிகையில் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு அச்சிறுவரைப் போய்ப் பார்த்து வந்ததும் ஊருக்கு நன்கு தெரியவந்தன.

1991ஆம் ஆண்டு மே 12ஆந் திகதி, .406இன் ஐம்பதாம் ஆண்டை நினைவுகூர்ந்து, பென்வே பார்க்கில் அவருக்கு விழா எடுத்தனர். அவருக்கு வயது 72. பேசிக்கொண்டே வந்தவர், ஒரு ரெட் சொக்ஸ் தொப்பியை வெளியே எடுத்தார். தாம் பிடிவாதக்காரர் என்றோ, கூட்டத்துக்குத் தொப்பி உயர்த்தாதவர் என்றோ இனி எவரும் எழுதாதிருக்கட்டும் என்று கூறி, நியூ இங்கிலாந்து மக்கள் அனைவர்க்கும், உலகத்திலேயே தலைசிறந்த விளையாட்டு இரசிகர்க்கு, இன்று தம் தொப்பியை உயர்த்துவதாகச் சொன்னார். சொல்லியவாறே தொப்பியை உயர்த்தினார். மைதானம் அதிர்ந்தது. சபதம் செய்து ஐம்பத்தோர் ஆண்டுகள்; மறுத்துச் சென்று முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள்.

அதன்பின் அவருக்கு அது எளிதாயிற்று. 1999ஆம் ஆண்டு யூலை 13ஆந் திகதி, அதே மைதானத்தில் நடந்த நட்சத்திர வீரர் ஆட்டத்துக்கு, எண்பது வயதில், கண்பார்வை மங்கிய நிலையில், சிறு வண்டியொன்றில் அமர்ந்து களத்தைச் சுற்றி வந்தார். கையிலே தொப்பி, வழி நெடுக அதனை அசைத்துக்கொண்டே வந்தார். அக்காலத்துப் பெருவீரர் அனைவரும் ஓடிவந்து அவரைச் சூழ்ந்து நின்றனர். ஆட்டத்தைத் தொடங்க வேண்டும், இடங்களுக்குத் திரும்புங்கள் என்று ஒலிபெருக்கி வேண்டியும் அவர்கள் நகரவில்லை. 2002ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி அவர் காலமானார்.

நேயர்களே, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு வருவோம். வீரன் இரசிகர்க்கு நன்றிக்கடன் பட்டவனா? சட்டத்தின்படி பட்டவன் அல்லன் என்றே நான் கருதுகின்றேன். மழையிலும் வெயிலிலும் தன் தொழிலைக் குறைவறச் செய்தவன், தன் முகத்தையும் விற்றுவிட்டான் என்று கூட்டம் உரிமை கொண்டாடல் முறையன்று. அந்த அளவில் அப்டைக்கின் பெருந்தன்மை சரியானதே. ஆனால் கடனில்லாத இடத்தில் கொடுப்பதற்கும் பெறுவதற்கும் ஒன்று உண்டு. அதனை வில்லியம்ஸ் வேண்டினார், கூட்டமும் வேண்டியது. கொடுக்க இருதிறத்தாரும் அஞ்சினர்.

கூட்டம் என்பது ஓர் ஆள் அன்று. வில்லியம்ஸ் இளமையிற் செய்த பிழை, இடப்புற ஆசனங்களில் இருந்த சிலரின் குரலை ஊரின் குரலாகக் கொண்டமை. ஊர் செய்த பிழை, ஓர் இளைஞரின் ஆத்திரச் சொல்லை அவருடைய முழு இயல்பாகக் கொண்டமை. இரண்டு பிழைகளுக்கும் இடையே நின்று அன்றாடம் அவற்றை அச்சிட்டு விற்றவரும் இருந்தனர். இத்தகைய பிழை பேஸ்போல் மைதானத்துக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஆசிரியரும் தம் வகுப்பைப் பற்றி இவ்வாறே பிழைபட நினைப்பதுண்டு. பின்வாங்கில் இருவர் செய்யும் குறும்புக்காக நாற்பது பிள்ளைகளிடமும் முகங்கொடாது பல நாள் இருந்துவிடுவதுண்டு. அமைதியாக இருந்து கேட்ட முப்பத்தெட்டுப் பேர், தாம் செய்த குற்றம் யாதென்று அறியாமலே வகுப்பைவிட்டுப் போய்விடுவர்.

1991இல் தொப்பி உயர்ந்தபோது அதனைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். ஆனால் 1940இன் கைதட்டல்களுக்கு உரியோரும், 1960இல் எழுந்து நின்று அழைத்த அந்தப் பத்தாயிரத்தவருட் பலரும் அன்று அங்கே இல்லை. அவர்களுட் சிலர் காலத்தோடு மறைந்திருப்பர். அவர்கட்குச் சேரவேண்டிய வணக்கம், அவர்களின் பிள்ளைகளின் கையிற் சேர்ந்தது. தாமதித்தும் வந்தது என்பது மகிழ்ச்சி. தாமதித்தே வந்தது என்பது வருத்தம். நம் பொருட்டுக் கைதட்டியவர் எவரேனும் இருப்பின், அவர் ஆசனத்தில் இருக்கும்போதே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிடுவது நன்று.